நிக்கொலாய் ரஸ்தோவின் போர்க்கல்வி

லியோ டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ உலக நாவல்களுள் முன்வரிசையில் வைத்துப் போற்றப்படுவது. 1863இல் எழுதத் தொடங்கப்பெற்று 1869இல் நிறைவெய்திய இப்பெருநூல், நெப்போலியன் காலத்து ரஷ்யாவின் பதினைந்து ஆண்டு வாழ்வை ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மாந்தர்களைக் கொண்டு விரித்துரைக்கிறது. டி. எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பால் தமிழ் வாசகரும் இதனைத் தம் மொழியிலேயே கற்கும் பேறு பெற்றனர்.

இந்நாவலை ஆராய்வோர் பெரும்பாலும் மூவரையே எடுத்துப் பேசுவர். அறிவுச் செருக்கும் உள்ளத் துயரும் கொண்ட இளவரசன் ஆந்திரேய், வாழ்வின் பொருளைத் தேடி அலையும் பியேர், உயிர்த்துடிப்பே உருவான நத்தாஷா ஆகியோரே அம்மூவர். நத்தாஷாவின் அண்ணன் நிக்கொலாய் ரஸ்தோவ் இவர்களுக்கு அடுத்த வரிசையிலேயே நிறுத்தப்படுகிறான். அவன் நல்லவன், துணிவுடையவன், ஆனால் ஆழமில்லாதவன் என்பதே பலரின் முடிவு. அம்முடிவு முற்றும் தவறன்று. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆந்திரேய் பெரும்பாலும் தளபதியரின் அருகிலிருந்து போரைக் கண்டவன். பியேர், வெள்ளைத் தொப்பியோடு பரதீனோக் களத்திற்குள் புகுந்து பார்த்த குடிமகன். முதன்மை மாந்தருள், படைப்பிரிவில் ஒருவனாகக் குதிரைமீது அமர்ந்து, சேறும் பசியும் அச்சமும் பழகி, 1805 தொடங்கிப் போரைத் தன் தொழிலாகவே கொண்டு வாழ்ந்தவன் நிக்கொலாயே.

எனவே போரைப் பற்றி டால்ஸ்டாய் கூறவந்ததை அறிய விரும்புவோர் இவ்விளைஞனை விட்டுவிட்டுச் செல்ல இயலாது. போர் அவனுக்கு எதைக் கற்பித்தது? கற்றதை அவன் என்ன செய்தான்? இவ்விரு வினாக்களும் அவன் கதையைத் திறக்கும் திறவுகோல்கள் எனலாம்.

ஆசிரியர் கண்ட களம்

டால்ஸ்டாய் போரை நூலகத்தில் மட்டும் கற்றவர் அல்லர். 1852இல் காக்கேசியாவில் படைப்பணியில் சேர்ந்த அவர், கிரிமியப் போரின்போது செவாஸ்தபோல் முற்றுகையில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. நிக்கொலாய் அடையும் அச்சமும் மானமும் நாணமும் ஆசிரியர் தம் வாழ்வில் அருகிருந்து அறிந்தவை.

1868ஆம் ஆண்டில், நாவல் முழுமையும் வெளிவருமுன்னரே, அதனைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் கூறப்படும் செய்தி ஒன்று இங்கே கருதத்தக்கது. 1855இல் செவாஸ்தபோல் வீழ்ந்த பின்னர், கோட்டையின் அரண்கள்தோறும் இருந்த பீரங்கிப்படை அதிகாரிகள் இருபதுக்கும் மேற்பட்ட அறிக்கைகளை அனுப்பினர். அவற்றைத் தொகுத்து ஒரே அறிக்கையாக்கும் பணி டால்ஸ்டாயிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வறிக்கைகள் பொய்கள் என்பதை அவர் கண்டார். எழுதியவர்கள் கயவர்கள் அல்லர். எவரும் முழுமையாகக் காண இயலாத ஒரு குழப்பத்தைச் சில வரிகளில் ஒழுங்குபடுத்திச் சொல்ல நேர்ந்தபோது பொய் தானே வந்து சேர்ந்தது. போர் முடிந்த உடனே வீரர்களைக் கேட்டால் உயிருள்ள பல செய்திகள் கிடைக்கும். சில நாள் சென்றபின் கேட்டால் எல்லாரும் அறிக்கையில் உள்ளதையே தாம் கண்டதாகச் சொல்வர் என்பது அவர் தம் பட்டறிவிற் கண்ட உண்மை.

இந்தப் பட்டறிவே நிக்கொலாயின் கதைக்கு வித்து. போரில் ஒருவன் அடையும் அனுபவம் ஒன்று, அதை அவன் சொல்லும் வகை மற்றொன்று. இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவையே டால்ஸ்டாய் இவ்விளைஞன் வழியே அளந்து காட்டுகிறார்.

முதற்பாடம்

1805ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்வியைக் கைவிட்டு, பவ்லோகிராத் ஹுஸார் குதிரைப்படையில் சேர்கிறான் இருபது வயது நிக்கொலாய். அப்போது அவன் முழு அதிகாரி அல்லன்; அப்பதவிக்குக் காத்திருக்கும் பயிற்சி நிலையினன். பகைவனை அவன் காணும் முன்னரே படைவாழ்க்கை அவனுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துவிடுகிறது.

அவனுடைய தலைவனும் நண்பனுமான டெனிசோவின் பணப்பையை, தெல்யானின் என்னும் உடன் அதிகாரி திருடிவிடுகிறான். நிக்கொலாய் அதைக் கண்டுபிடிக்கிறான். மற்ற அதிகாரிகள் இருக்கும்போதே படைத்தலைவரிடம் சொல்லியும் விடுகிறான். படைத்தலைவரோ அவனையே பொய்யன் என்கிறார். திருட்டு நிகழ்ந்தது உண்மை. திருடியவன் யார் என்பதும் உண்மை. ஆயினும் முதிய அதிகாரிகள் நிக்கொலாயைச் சூழ்ந்துகொண்டு, மன்னிப்புக் கேள் என்று நெருக்குகின்றனர். ஒரு கயவனுக்காகப் படைப்பிரிவு முழுவதையும் தலைகுனியச் செய்யலாமா என்பது அவர்களது வாதம். டெனிசோவும் அவர்கள் பக்கமே நிற்கிறான். இறுதியில் கண்கலங்கி, குற்றம் தன்னுடையதே என்று ஒப்புக்கொள்கிறான் நிக்கொலாய். மன்னிப்பை மட்டும் வாய்விட்டுக் கேட்க மறுக்கிறான்.

இந்நிகழ்ச்சி சிறியது போலத் தோன்றும். ஆனால் பின்வரும் பதினைந்து ஆண்டுகளும் இதில் அடங்கிக் கிடக்கின்றன. உண்மை பெரிதா, உடையணிந்த குழுவின் மானம் பெரிதா என்ற வினா எழுந்தபோது, அவ்விளைஞன் உண்மையைக் கைவிட்டதற்காகப் பாராட்டப்படுகிறான். அவனை வளைத்தது கொடுமையன்று, அன்பு. ஆதலின் அப்பாடம் ஆழப் பதிகிறது.

அடுத்து வருவது என்ஸ் ஆற்றுப் பாலம். பின்வாங்கும் ரஷ்யப் படை பாலத்தைக் கொளுத்த வேண்டும். நிக்கொலாய் ஓடுகிறான். ஆனால் தீமூட்டுவதற்கு வேண்டிய வைக்கோலை அவன் கொண்டுவரவில்லை. வாளால் வெட்டுவதற்கு அங்கே பகைவரும் இல்லை. செய்வதற்கு ஒன்றுமின்றி நிற்கும்போது குண்டுகள் பாய்ந்து வருகின்றன. அருகில் இருந்தவர்கள் விழுகிறார்கள். அவன் வானத்தையும் தன்யூப் ஆற்றையும் தொலைவிலுள்ள மலைகளையும் பார்க்கிறான். அவை எவ்வளவு அழகியவை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. தான் கோழை என்று எண்ணி வெட்கப்படுகிறான். அவனை எவரும் கவனிக்கக்கூட இல்லை. படைத்தலைவரோ இருவர் காயமுற்றனர், ஒருவர் மாண்டார் என்று மேலிடத்திற்குச் சொல்லப்போகும் மகிழ்ச்சியில் இருக்கிறார். பாலத்தின்மேல் நிகழ்ந்தது வேறு; அறிக்கையில் ஏறப்போவது வேறு.

நிகழ்ந்ததும் சொன்னதும்

1805 நவம்பரில் ஷோன்கிராபர்ன் என்னும் ஊரருகே நடந்த போரே நிக்கொலாயின் முதல் உண்மையான களம். தாக்குமாறு ஆணை பிறக்கிறது. குதிரை பாய்கிறது, அவன் உள்ளமும் பாய்கிறது. சற்று நேரத்தில் குதிரை குண்டடிபட்டு விழுகிறது. எழுந்து பார்க்கிறான். இடக்கை மரத்துத் தொங்குகிறது. சிலர் அவனை நோக்கி ஓடி வருகின்றனர். உதவிக்கு வருகிறார்கள் என்று முதலில் எண்ணியவன், வருவோர் பிரெஞ்சுக்காரர் என்று உணர்ந்ததும் திகைக்கிறான். தாயும் தங்கையும் நண்பர்களும் இத்துணை அன்பு செலுத்தும் தன்னைக் கொல்லவும் ஒருவர் வரக்கூடுமோ என்பதே அவனது வியப்பு. கையிலிருந்த துப்பாக்கியைச் சுடாமல் வருபவன்மேல் எறிந்துவிட்டு, நாய்கள் துரத்தும் முயலைப் போலப் புதர்களை நோக்கி ஓடுகிறான்.

அன்றிரவு, துஷின் என்னும் எளிய பீரங்கிப்படை அதிகாரியின் இரக்கத்தால் பீரங்கி வண்டியில் இடம் பெற்று, பனி விழும் வெளியில் தீயருகே கிடந்து வீட்டை எண்ணி ஏங்குகிறான். இதுவே நிகழ்ந்தது.

சில நாட்கள் கழிகின்றன. நிக்கொலாய் இப்போது அதிகாரி; மார்பில் வீரச் சிலுவையும் உண்டு. மெய்க்காப்புப் படையிலுள்ள இளமைத் தோழன் போரிசையும் பெர்க் என்பவனையும் காணச் செல்கிறான். அவர்கள் போரைப் பற்றிக் கேட்கின்றனர். உள்ளதை உள்ளவாறே சொல்லவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் தொடங்குகிறான். ஆனால் அவன் அறியாமலே கதை வேறு வழியிற் செல்கிறது. புயலெனப் பாய்ந்ததாகவும், பகைவர் அணிக்குள் புகுந்து இடமும் வலமும் வெட்டி வீழ்த்தியதாகவும், களைத்து விழுந்ததாகவும் கதை வளர்கிறது.

இவ்விடத்தில் டால்ஸ்டாய் தரும் விளக்கமே இந்நாவலின் மிக நுட்பமான பகுதிகளுள் ஒன்று. நிக்கொலாய் பொய்யன் அல்லன். கேட்பவர்கள் குதிரைப்படைத் தாக்குதல்களைப் பற்றிப் பல கதைகள் கேட்டவர்கள். அதே வகைக் கதையை இவனிடமும் எதிர்பார்க்கின்றனர். குதிரையிலிருந்து விழுந்தேன், கை சுளுக்கியது, ஓடிவிட்டேன் என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். அல்லது இவனிடமே குறை இருப்பதாக எண்ணுவார்கள். உண்மையைச் சொல்வதற்குத் தன்னை அடக்கி ஆளும் முயற்சி வேண்டும். அம்முயற்சி இளைஞர்க்கு அரிது.

கதையின் நடுவில் இளவரசன் ஆந்திரேய் உள்ளே வருகிறான். ஷோன்கிராபர்ன் களத்தில் இருந்தவன் அவன். அப்போரைப் பற்றி இப்போது கதைகள் பல உலவுகின்றன என்று ஏளனம் தோன்றக் கூறுகிறான். நிக்கொலாய் சினந்து சீறுகிறான். தளபதியரின் நிழலில் வாழ்வோரைப் பழிக்கிறான். அச்சினம் ஏன் அத்துணைக் கடுமையாக எழுந்தது என்பதை டால்ஸ்டாய் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் இல்லை. உண்மையை அறிந்த ஒருவன் கதவருகே வந்து நின்றுவிட்டான்.

ஆஸ்டர்லிட்ஸ்

1805 டிசம்பர் 2ஆம் நாள் நிகழ்ந்த ஆஸ்டர்லிட்ஸ் போரில் நிக்கொலாய் தூது சுமந்து செல்கிறான். பேரரசர் அலெக்சாண்டரிடம் அவன் கொண்ட பற்று, காதலுக்கு ஒப்பானது. அவருக்காக அவர் கண்முன்னே இறப்பதே அப்போது அவன் கனவு. படை சிதறியபின், அவன் தேடிய பேரரசரே ஒரு பள்ளத்தருகே, தாண்ட வகையின்றித் துயருற்று நிற்பதைக் காண்கிறான். அருகே செல்லலாம்; உதவலாம்; வாய்ப்புத் தானே வந்து கிடைத்திருக்கிறது. ஆனால் தனிமையில் துயருறும் பேரரசரை அணுகுவது முறையன்று என்று நாணித் திரும்பிவிடுகிறான். வேறோர் அதிகாரி வந்து அவரைப் பள்ளத்தைத் தாண்டச் செய்கிறான். கனவிற் கண்ட பேரரசருக்காக உயிரையும் தரத் துணிந்தவன், கண்முன் நின்ற மனிதருக்குக் கைகொடுக்கத் தயங்கினான்.

மருத்துவமனையும் விருதும்

1807ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளே அவன் வாழ்வின் திருப்பம். படை பட்டினியால் வாடுகிறது. காலாட்படைக்குச் சென்ற உணவு வண்டிகளை டெனிசோவ் மறித்துத் தன் வீரர்க்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறான். விளக்கம் கேட்டு அழைக்கப்பட்டுச் சென்ற இடத்தில், உணவுத் துறையில் அமர்ந்திருப்பவன் யார் என்று பார்த்தால், முன்பு பணப்பையைத் திருடிய அதே தெல்யானின்! அவனைப் புடைத்துவிடுகிறான் டெனிசோவ். வழக்கு மன்றத்திற்கு ஆளாகிறான். அன்று படையின் மானத்திற்காக மூடி மறைக்கப்பட்ட திருட்டு, இன்று வீரர்களின் வயிற்றில் அடிக்கும் திருட்டாக வளர்ந்து நிற்கிறது. இத்தொடர்பை டால்ஸ்டாய் சுட்டிக்காட்டாமலே விட்டுவிடுகிறார். கூர்ந்து கற்கும் மாணவர் இதனைத் தாமே காணல் வேண்டும்.

காயத்தோடு மருத்துவமனையில் இருக்கும் டெனிசோவைக் காண நிக்கொலாய் செல்கிறான். நச்சுக்காய்ச்சல் பரவிய அவ்வீட்டில் அழுகிய தசையின் நாற்றம் வீசுகிறது. தரையில் கிடக்கும் நோயாளரிடையே மாண்டவன் ஒருவனும் கிடக்கிறான். காலை முதல் அப்பிணத்தை எடுக்குமாறு மன்றாடுகிறான் கால் இழந்த முதிய வீரன் ஒருவன். தங்களை நாய்களென நடத்தவேண்டா என்பது அவன் வேண்டுகோள். மற்றோர் அறையில் துஷினைக் காண்கிறான் நிக்கொலாய். அன்றிரவு வண்டியில் இடம் கொடுத்த துஷினுக்கு இப்போது ஒரு கை இல்லை.

டெனிசோவின் மன்னிப்பு மனுவை எடுத்துக்கொண்டு தில்சித் நகருக்குச் செல்கிறான். அங்கே இரு பேரரசர்களும் நட்புறவு கொண்டாடுகின்றனர். மனு பேரரசரின் செவிக்கு எட்டுகிறது. சட்டம் தம்மினும் வலியது என்று கூறி மறுத்துவிடுகிறார் அலெக்சாண்டர். அடுத்து, அணிவகுத்து நிற்கும் ரஷ்ய வீரர்களுள் லாசரேவ் என்ற ஒருவனுக்கு நெப்போலியன் தம் கையால் பிரெஞ்சு நாட்டு விருதை அணிவிக்கிறார். அவ்வீரன் தனிச்சிறப்பு எதுவும் செய்தவன் அல்லன். அவ்விடத்தில் நின்றான், அவ்வளவே. நெப்போலியனின் சிறிய வெண்ணிறக் கையைப் பார்க்கும் நிக்கொலாயின் மூக்கில் மருத்துவமனை நாற்றம் மீண்டும் வீசுகிறது. வெட்டுண்ட கைகளும் கால்களும் எதற்காக என்ற வினா எழுகிறது. லாசரேவுக்கு விருது, டெனிசோவுக்குத் தண்டனை. இவ்வளவும் ஏன்?

நாவலில் நிக்கொலாய் இத்துணைத் தெளிவாக வேறெங்கும் சிந்தித்ததில்லை. அச்சிந்தனை அவனையே அச்சுறுத்துகிறது. விடுதிக்குச் சென்று இரண்டு புட்டி மதுவை அருந்துகிறான். அருகிருந்த அதிகாரிகள் சமாதான உடன்படிக்கையைக் குறை கூறுகின்றனர். அவன் மனத்தில் எழுந்ததைத்தான் அவர்கள் பேசுகின்றனர். அவனோ முகம் சிவக்க எழுந்து கத்துகிறான். நம் கடமை பணிவது. சாகச் சொன்னால் சாவது. பேரரசர் செய்வதை எடைபோட நமக்கு உரிமையில்லை. எடைபோடத் தொடங்கினால் புனிதமானது எதுவுமே எஞ்சாது என்பதே அக்கூச்சலின் சாரம். பிறரை அடக்குவது போலத் தன் உள்ளத்தையே அடக்குகிறான். அதன்பின் இன்னொரு புட்டி கொண்டுவரச் சொல்கிறான்.

நீலக் கண்கள்

1812இல் நெப்போலியன் ரஷ்யாவிற்குள் புகுந்தபோது நிக்கொலாய் தேர்ந்த படைவீரன். ஒரு குதிரைப்படைப் பிரிவின் தலைவன். ஆஸ்திரோவ்னா அருகே போர் மூளுமுன், ஓர் அதிகாரி தளபதி ராயெவ்ஸ்கியின் வீரச் செயலை விரித்துக் கூறுகிறான். தம் இரு மைந்தரையும் அழைத்துக்கொண்டு அணைமீது குண்டுமழையில் ராயெவ்ஸ்கி நடந்தார் என்பது கதை. நிக்கொலாய் வாய்திறவாது கேட்கிறான். போரைப் பற்றிச் சொல்வோர் எப்போதும் பொய்யே சொல்வர். தானும் சொன்னவன்தான் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அக்கதை படையின் புகழுக்கு உதவுவது. ஆதலின் நம்பாததைக் காட்டிக்கொள்ளலாகாது என்பதும் தெரியும். போரிசின் முன்னே அறியாமல் பொய் சொன்ன இளைஞன், இப்போது அறிந்தே பொய்யைப் பேணும் முதிர்ச்சி பெற்றுவிட்டான்!

போர் தொடங்குகிறது. குன்றின்மேலிருந்து பார்க்கும் நிக்கொலாய், துரத்தி வரும் பிரெஞ்சுக் குதிரைவீரரை வேட்டைக்காரனின் கண்கொண்டு அளக்கிறான். தக்க நொடி இதுவே என்று உணர்ந்து, ஆணைக்குக் காத்திராமல் பாய்கிறான். ஒரு பிரெஞ்சு அதிகாரியை எட்டிப் பிடித்து வாளை வீசுகிறான். வீசிய அந்நொடியிலேயே அவன் உள்ளத்தின் வேகம் அனைத்தும் வடிந்துவிடுகிறது. அதிகாரிக்கு முழங்கைக்கு மேல் சிறு வெட்டே. அச்சமே அவனைக் கீழே தள்ளியது. ஒரு கால் அங்கவடியில் சிக்கியிருக்க, அவன் நிமிர்ந்து பார்க்கிறான். சேறு தெறித்த இளமுகம்; முகவாயில் ஒரு குழி; வெளிர் நீலக் கண்கள். போர்க்களத்துப் பகைவனின் முகமன்று. வீட்டினுள்ளே அன்றாடம் காணும் முகம்.

இவ்வெற்றிக்காக நிக்கொலாய்க்கு மீண்டும் சிலுவை கிடைக்கிறது. அவனோ அமைதியிழந்து தவிக்கிறான். வீரம் என்று சொல்லப்படுவது இவ்வளவுதானா? இதைத் தாய்நாட்டிற்காகவா செய்தேன்? அந்நீலக்கண்ணன் செய்த குற்றம் என்ன? என்னைவிட அவன் அஞ்சினானே! கை நடுங்கியவனுக்கு விருது எதற்கு? இவ்வாறெல்லாம் எண்ணுகிறான், விடை காணுமுன் பதவி உயர்வு வந்துவிடுகிறது. துணிவுள்ள அதிகாரி வேண்டும் என்னும் போதெல்லாம் அவன் பெயரே கூறப்படுகிறது. நீலக் கண்களைப் பற்றி அவன் எவரிடமும் பேசவில்லை.

எண்ணாமை என்னும் பயிற்சி

நிக்கொலாய் உணர்ச்சியற்றவன் என்றும், அதனால்தான் கற்கவில்லை என்றும் கூறுவோர் மேற்கண்ட நிகழ்ச்சிகளை மறந்தவராவர். ஷோன்கிராபர்ன் களத்தில் அவன் தன் அச்சத்தைக் கண்டான். தில்சித்தில் அரசியலின் வெறுமையைக் கண்டான். ஆஸ்திரோவ்னாவில் பகைவனின் முகத்தைக் கண்டான். ஆந்திரேயும் பியேரும் நெடுங்காலம் தேடிப் பெற்றவற்றை இவன் தேடாமலே மும்முறை பெற்றான். ஆயினும் முதன்முறை உண்மையைக் கதையால் மூடினான். இரண்டாம் முறை கூச்சலால் மூடினான். மூன்றாம் முறை மௌனத்தால் மூடினான்.

இதற்குக் காரணம் என்ன? ஆஸ்திரோவ்னாப் போருக்கு முன் டால்ஸ்டாய் தரும் குறிப்பு ஒன்று விடைக்கு வழிகாட்டுகிறது. முன்பெல்லாம் களத்திற்குச் செல்லும்போது அஞ்சிய நிக்கொலாய் இப்போது அஞ்சுவதில்லை. குண்டுகள் பழகிப்போனதால் அன்று. இடரின்போது இடரைத் தவிர வேறு எதையும் எண்ணுமாறு மனத்தை ஆளப் பழகிக்கொண்டதால். அருகே வரும் இளைஞன் இலியின் பதற்றமாகப் பேசுவதை இரக்கத்தோடு பார்க்கிறான். அவனுக்கு மருந்து காலமே என்பதை அறிவான்.

இது படைவீரனுக்கு இன்றியமையாத திறன். இதனாலேயே அவன் நல்ல தலைவனாகிறான், வீரர்களைக் காக்கிறான். ஆனால் அச்சத்தை எண்ணாமலிருக்கக் கற்ற மனம், அநீதியையும் எண்ணாமலிருக்கக் கற்றுவிடுகிறது. துணிவு எந்தக் கதவை அடைத்துப் பெறப்பட்டதோ, அதே கதவின் வழியாகத்தான் மனச்சான்றும் வரவேண்டியிருந்தது. நிக்கொலாயின் நற்பண்பும் குறையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்று காட்டியதே டால்ஸ்டாயின் பாத்திரப் படைப்புத் திறன்.

நிக்கொலாயின் தம்பி பேத்யாவை இதனோடு ஒப்பிடலாம். படையில் சேர்ந்த அச்சிறுவன், 1812இன் இலையுதிர் காலத்தில் டெனிசோவின் மறைந்து தாக்கும் படையோடு சேர்கிறான். பிடிபட்ட பிரெஞ்சு முரசுச் சிறுவனைக் கண்டு இரங்கி, அவனுக்கு உணவளிக்கலாமா என்று நாணத்தோடு கேட்கிறான். நீலக் கண்கள் அண்ணனுக்குள் எழுப்பிய உணர்ச்சியைத் தம்பி மறைக்காமல் வெளியிடுகிறான். மறுநாட்காலை, எச்சரிக்கையையும் மீறிக் குதிரையைச் செலுத்தித் தலையில் குண்டு பாய்ந்து மாள்கிறான். வீரக் கதைகளை முழுமையாக நம்பியவன் அவன். அக்கதைகளைப் பரப்பியவர்களுள், போரிசின் அறையில் வாய்வீச்சுக் காட்டிய அண்ணனின் வகையினரும் உளர். நம்பாமலே மௌனமாக இருந்தவர்களும் உளர்.

ஒரு மறுப்புக்கும் விடை கூறல் வேண்டும். நிக்கொலாய் திருந்தவே இயலாதவனா? அல்லன். படையை விட்டு விலகி, 1814இல் இளவரசி மரியாவை மணந்து, நிலவுடைமையாளனாக வாழும்போது, சினம் மிகுந்தால் ஊர்த்தலைவனையும் குடியானவரையும் கைநீட்டி அடிக்கும் வழக்கம் அவனிடம் இருந்தது. அதை அறிந்த மரியா அழுதாள். அடித்தபோது உடைந்த மோதிரத்தைப் பார்த்து நாணி, இனி அடிப்பதில்லை என்று அவளிடம் உறுதி கூறினான். அதன்பின் ஆண்டில் ஓரிருமுறை தவறினாலும் அதை அவளிடம் ஒப்புக்கொண்டான். இங்கே அவன் கற்றுக்கொண்டான். கேட்க ஒருத்தி இருந்தாள். அவன் வாய்திறந்து சொன்னான். போர்க்களத்தில் கண்டதைக் கேட்க எவரும் இல்லை. கேட்டவர்களோ வேறு கதையை எதிர்பார்த்தார்கள்.

1820ஆம் ஆண்டின் ஓரிரவு

நாவலின் முடிவுரையில், 1820 டிசம்பரில், பியேர் தலைநகரிலிருந்து திரும்பி அரசாட்சியின் கேடுகளைப் பற்றியும், நல்லோர் ஒன்றுகூட வேண்டியதைப் பற்றியும் பேசுகிறான். நிக்கொலாய்க்குச் சினம் மூள்கிறது. வாதிட்டு வெல்ல இயலவில்லை. இறுதியில், அரக்சேயெவ் ஆணையிட்டால், பியேரே எதிரே நின்றாலும் தன் படையோடு பாய்ந்து வெட்டுவேன், ஒரு நொடியும் எண்ணிப் பார்க்கமாட்டேன் என்கிறான். அரக்சேயெவ், அக்காலத்து ரஷ்யாவில் கொடுங்கட்டுப்பாட்டிற்குப் பெயர்பெற்ற அமைச்சர்.

தில்சித் விடுதியில் இருபதுகளின் தொடக்கத்தில் கத்தியவன், முப்பத்தைந்து வயதில் தன் வீட்டு அறையில் அதையே கூறுகிறான். நீலக் கண்களைக் கண்டு நடுங்கிய கை, தன் தங்கையின் கணவனை வெட்டவும் தயங்காது என்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1825 டிசம்பர் 14ஆம் நாள், தலைநகரின் செனட் சதுக்கத்தில் கூடிய கிளர்ச்சி வீரர்கள்மேல் அரசு பீரங்கியால் சுட்டதை ரஷ்ய வாசகர் நன்கறிவர். நாவல் அந்நாள் வரை செல்லவில்லை. செல்லாமலே அதன் நிழலைக் காட்டிவிடுகிறது.

அவ்வறையின் ஓரத்தில் ஒரு சிறுவன் இருக்கிறான். மாண்டுபோன ஆந்திரேயின் மகன், வயது பதினைந்து. பெரியவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டே, தன்னை அறியாமல் மேசைமேல் இருந்த எழுதுகோல்களை ஒடித்துப் போட்டுவிட்டான். அன்றிரவு அவன் கனவில், படைத்தலைக் கவசம் அணிந்து அவனும் பியேரும் முன்னேறுகின்றனர். மாமன் நிக்கொலாய் வழிமறித்து நிற்கிறான். வீரப் புகழில் மயங்கும் மற்றோர் இளைஞன் உருவாகிறான். அவனுக்குச் சொல்லத்தக்க உண்மைகளை எல்லாம் அறிந்த ஒருவன் அதே வீட்டில் இருந்தும் சொல்லவில்லை.

மாணவர்க்கும் ஆசிரியர்க்கும்

புறப்பாடல்களையும் பரணியையும் பயின்று வரும் தமிழ் மாணவர்க்கு, முயலைப் போல ஓடிய போர்வீரன் முதலில் ஏமாற்றம் தரலாம். இவன் எப்படிக் கதைத்தலைவருள் ஒருவனானான் என்று வகுப்பில் கேட்கவும் செய்யலாம். அவ்வினாவை ஆசிரியர்கள் வரவேற்றல் வேண்டும். டால்ஸ்டாய் வீரத்தை இகழவில்லை. தன் பீரங்கிகளோடு இறுதிவரை நின்ற துஷினை அவர் எத்துணை மதிப்போடு படைத்துள்ளார் என்பதைக் காட்டி விளக்கலாம். அவர் இகழ்வது, நிகழ்ந்ததன்மேல் போர்த்தப்படும் ஆயத்தக் கதையை. துஷின் தன் செயலைக் கதையாக்கிப் பேசவில்லை. தளபதியின்முன் பேசவே தடுமாறினான்.

ஆயத்தக் கதை போர்க்களத்தில் மட்டும் பிறப்பதன்று. கட்டுரைப் பயிற்சி ஏடுகளைத் திருத்தும் ஒவ்வோர் ஆசிரியரும் அதனை அறிவர். ‘நான் கண்ட விபத்து’ என்று தலைப்புக் கொடுத்தால், நாற்பது மாணவரும் ஒரே விபத்தைக் கண்டிருப்பர். ஒரே அவசர ஊர்தி வந்திருக்கும். ஒரே அறிவுரையோடு கட்டுரை முடிந்திருக்கும். அவர்கள் பொய்யர் அல்லர். ஆசிரியர் எதிர்பார்ப்பது இதுவே என்று எண்ணி, போரிசின் அறையில் நிக்கொலாய் செய்ததையே செய்கின்றனர். அவ்வாறு எழுதியதற்கு மதிப்பெண் கொடுக்கும் ஆசிரியர், கதையைக் கேட்டு மகிழ்ந்த பெர்க்கின் இடத்தில் அமர்ந்துவிடுகிறார்.

எங்கோ ஒரு மாணவன், தான் அஞ்சியதையும் ஓடியதையும் திருத்தமில்லாத நடையில் எழுதிக் கொடுக்கக்கூடும். அவ்வேட்டில் பிழைகள் மிகுதியாக இருக்கலாம். பிழைகளைத் திருத்துவது கடமை. ஆனால் சிவப்பு மையைத் தொடுமுன், அவன் கண்டதைக் கண்டவாறே சொல்ல முயன்றான் என்பதை ஆசிரியர் அவனுக்குச் சொல்லிவிடுதல் வேண்டும். நிக்கொலாய்க்கு அதைச் சொல்ல அவன் படைப்பிரிவில் ஒருவரும் இல்லை.